பழைய படகும் மெட்டு ஜீப்பும்

சிலமலை,
12 ஜூலை 2024

மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும். கேக்க மனசு வரல.

நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க, நான் எடுக்கல. சிக்னல் இல்லாம இல்ல. போன்ல பேசுனா எனக்கு அழுகை முந்திக்கும். அழுகை வந்துட்டா நீங்க சொல்றதுக்கெல்லாம் சரி சரின்னுருவேன். காயிதத்துல அழுதா உங்களுக்குத் தெரியாது. அதான் எழுதுறேன்.

சித்திரையில லீவுக்கு வந்தப்ப என்ன சொன்னீங்க? "பழைய படகோட என் சோலி முடிஞ்சது வள்ளி, ஆடி பொறந்தா மும்பைக்கு மாத்திருவாங்க, புதுப் படகு"ன்னு சொன்னீங்க. அத்தைகிட்டயும் சொன்னீங்க. அருணாவை மடியில வச்சு புது நீர்மூழ்கிப் படகோட படம் காட்டுனீங்க. அன்னைக்கு ராத்திரி நான் எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் முழுசாத் தூங்குனேன்.

இப்ப விசாகப்பட்டினத்துல இருந்து முனீஸ்வரன் அண்ணன் சம்சாரம் போன் பண்ணுது. "எங்க வீட்டுக்காரருக்குப் பதிலா உங்க வீட்டுக்காரர் பழைய படகுல போறேன்னு சொல்லிட்டாராமே, நல்லா இருப்பீங்க தாயி"ன்னு அழுகுது. நான் என்ன சொல்றது? "ஆமாக்கா, சொன்னாரு"ன்னு பொய் சொன்னேன். என் புருசன் எங்க போறாருங்கிறதை அடுத்தவ வீட்டு அழுகையில இருந்து நான் தெரிஞ்சுக்கணுமா?

அந்தப் படகு நான் பொறக்குறதுக்கு முன்னாடி ரஷ்யாக்காரன் கட்டுனது. நீங்களே சொன்னதுதான். மூணு வருசத்துக்கு முன்ன இந்தோனேசியாக்காரங்க படகு முங்குனது முங்குனதுதான், எந்திரிக்கவே இல்ல. அம்பதுக்கு மேல ஆளுங்க. அதுவும் பழசு, அதுவும் டீசல். டிவியில அந்தப் பொம்பளைங்க உக்காந்திருந்த கோலம் எனக்கு இன்னும் மறக்கல. அத்தை எந்திரிச்சு டிவியை அமத்திட்டாங்க.

எதுக்கு அந்தப் பழசை இன்னும் ஓட்டுறீங்க? புதுசுதான் இருக்கே. எனக்குப் புரியுற மாதிரி பதில் எழுதுங்க.

அமுதவள்ளி


விசாகப்பட்டினம்,
19 ஜூலை 2024

வள்ளிக்கு,

உன் கடுதாசி வந்துச்சு. படிச்சிட்டு சட்டைப் பையிலயே வச்சிருக்கேன்.

முனீஸ்வரனுக்குக் காதுல சவ்வு கிழிஞ்சிருச்சு. இனி முங்கக்கூடாதுன்னு டாக்டர் எழுதிட்டார். அவனும் நானும்தான் இந்தப் படகோட பேட்டரியை இத்தனை வருசம் பாத்தவங்க. உள்ள இருநூத்துக்கு மேல செல் இருக்கு. ஒவ்வொண்ணும் நம்ம வீட்டு நெல்லுக் குதிர் மாதிரி நிக்கும். சார்ஜ் ஏறும்போது அதுல இருந்து ஒரு வாயு வரும், வாசனை கிடையாது, அது சேர்ந்துட்டா ஒரு பொறி போதும். எந்த செல் நல்லா நடந்துக்கும், எது மொரண்டு பண்ணும்னு கூடவே கிடந்தவனுக்குத்தான் தெரியும். இப்ப வர்றவங்க எல்லாம் புதுப் படகுல படிச்சவங்க. கெட்டிக்காரங்கதான், ஆனா இது அவங்களுக்கு அந்நிய வீடு.

பழசை எதுக்கு ஓட்டணும்னு கேட்ட. அணுசக்தியில ஓடுற பெரிய படகு மாசக்கணக்கா மேல வராமக் கிடக்கும். ஆனா கரையோரத்துல, ஆழம் கம்மியான கடல்ல அதுக்கு உடம்பைத் திருப்பவே இடம் பத்தாது. அதோட எந்திரம் அமந்து நிக்கவும் செய்யாது, ஏதோ ஒரு பம்பு ஓடிக்கிட்டேதான் இருக்கும். டீசல் படகு அப்படி இல்ல. முங்குனா டீசலை நிறுத்திட்டு பேட்டரியில போகும். அப்ப எங்களைக் கண்டுபிடிக்கிறது லேசுல முடியாது. சங்கடம் என்னன்னா பேட்டரி தீரும். தீர்ந்தா மேல வந்து, ஒரு குழாயை மட்டும் தண்ணிக்கு வெளிய நீட்டி, காத்தை இழுத்து டீசலை ஓட்டி சார்ஜ் ஏத்தணும். மாட்டுறதுன்னா அப்பத்தான் மாட்டுவோம். சத்தமும் கேக்கும், குழாயும் ரேடார்ல தெரியும்.

சில நாட்டுக்காரங்ககிட்ட வெளிக்காத்தே இல்லாம உள்ளயே கரண்டு எடுக்குற படகு வந்துருச்சு. ரெண்டு வாரம் கூட மேல வராது. நம்ம புதுப் படகுக்கு அந்த ஏற்பாடு இனிமேதான் வைக்கணும். ஆனாலும் அது பழசை விட அமைதி, ஆளும் கம்மி போதும். பக்கத்து நாட்டுக்காரங்க வரிசையா வாங்குறாங்க. நமக்குப் புதுசு ஒண்ணு வந்து சேர்றதுக்குள்ள பழசு ரெண்டுக்கு வயசாயிருது. அதனால பழசைச் செப்பனிட்டு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுறோம்.

இந்தத் தடவை எங்க சோலி போர் ஒத்திகையில எதிராளியா நடிக்கிறது. நம்ம கப்பலும் விமானமும் புதுப் படகும் எங்களைத் தேடும். நாங்க அகப்படாம இருக்கணும். நாங்க நல்லா ஒளிஞ்சாத்தான் அவங்க நல்லாத் தேடப் பழகுவாங்க. பழசோட கடைசிப் பயணம் இது. அப்புறம் கழட்டிருவாங்க. இதெல்லாம் பேப்பர்ல வர்ற சேதிதான். எந்தக் கடல், எத்தனை நாள்ங்கிறது எழுத மாட்டேன்.

நீ என்னைக் கேக்குற. நானும் ஒண்ணு கேக்குறேன். பிச்சைமணி ஜீப்புல தெனம் எத்தனை பேர் ஏறி மலை மேல மெட்டுக்குப் போறீங்க? அந்த ஜீப்புக்கு என்ன வயசு? மழையில அந்த வளைவுல அது வர்றதை நினைச்சா எனக்குத் தண்ணிக்கடியில மூச்சு முட்டுது. நீ மேல போகாத. தோட்டத்தைக் குருவம்மாளை விட்டுப் பாத்துக்க.

லிங்கம்


சிலமலை,
27 ஜூலை 2024

மாமாவுக்கு,

மூணு தடவை படிச்சேன். பேட்டரியைப் பத்தி ஒரு பக்கம் இருக்கு. குழாயைப் பத்தி இருக்கு. பக்கத்து நாட்டைப் பத்தி இருக்கு. என்கிட்டச் சொல்லாம ஏன் தலையாட்டுனீங்கங்கிறதுக்கு ஒரு வரி இல்ல.

ஜீப்பைப் பத்திக் கேட்டீங்க. பதினாறு பேர். சில நாள் கூடவும் ஏறும். என்ன செய்யச் சொல்றீங்க? எங்க அய்யா விட்டுட்டுப் போன ஏலத்தோட்டம் தோண்டிமலையில இருக்கு, சிலமலையில இல்ல. இந்தக் கோடையில வெயில் தாங்காம பாதி ஏலத்தட்டை காஞ்சு சாஞ்சிருச்சு. மிச்சம் நிக்கிறதுல இப்பத்தான் காய்ச் சரம் இறங்குது. நான் போய் நிக்கலன்னா பிஞ்சும் பழமும் ஒண்ணா உருவிப் போட்டுருவாங்க, காய் உலர்த்துற ஸ்டோர்ல போட்டா பச்சை நிறமே நிக்காது. எங்க அய்யா போனதுல இருந்து அதுதான் எனக்குச் சொந்தம்னு சொல்லிக்க இருக்கிற ஒண்ணு.

குருவம்மாள் கிட்ட உங்க கடுதாசியைச் சொன்னேன். உங்களுக்குத் தெரியும்ல, எனக்கு மேஸ்திரி மாதிரி இருக்கிறவ, ஈஸ்வரன் அண்ணன் சம்சாரம். ஜீப்பு மேகத்துக்குள்ள நுழைஞ்சு முன்னாடி ரோடே தெரியாமப் போச்சு. அப்ப சொல்றா: "ஒம் புருசன் தண்ணிக்குள்ள போறான், நாம மேகத்துக்குள்ள போறோம். பயந்தா ரெண்டு வீட்லயும் உலை கொதிக்காது ஆத்தா." எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

நீங்க போகாம இருங்க, நானும் போகல. செய்வீங்களா?

அமுதவள்ளி


விசாகப்பட்டினம்,
4 ஆகஸ்ட் 2024

வள்ளி,

நாளைக்குக் கிளம்புறோம். செல்போனை வாங்கி வச்சிட்டாங்க. இது வெரசா எழுதுறது.

ஏன் சொல்லலன்னு கேட்ட. சொன்னா நீ வேணாம்ப. நீ வேணாம்னா நான் போக மாட்டேன். நான் போகலன்னா அந்த பேட்டரிக் கிடங்குல வேற ஒருத்தன் நிப்பான், அவனுக்கு அதோட குணம் தெரியாது. அவனோட சேத்து அம்பது பேர் உள்ள இருப்பாங்க. அதை வச்சுக்கிட்டு நான் மும்பையில சோறு திங்க முடியாது. உன்னைக் கேட்டா உன் பேச்சைக் கேட்டுருவேன்னு பயந்துதான் கேக்கல. இது நியாயம்னு சொல்லல. நடந்தது இதுதான்.

அவசரம்னா கூப்பிடறதுக்கு நம்பர் கீழ எழுதியிருக்கேன். அவங்களா உன்னைக் கூப்பிடலன்னா நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்க.

ஜீப்புல ஏறியே ஆகணும்னா முன் சீட்டுல உக்காரு. பின்னாடி தொங்காத.

அருணாவுக்கு முத்தம். அம்மாகிட்ட லேட்டாகும்னு மட்டும் சொல்லு.

லிங்கம்


சிலமலை,
20 ஆகஸ்ட் 2024

மாமா,

இதை நீங்க திரும்பி வந்துதான் படிப்பீங்க. இருந்தாலும் எழுதுறேன். எழுதலன்னா இந்தப் பேச்சு எல்லாம் எனக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கிடக்கும்.

"கூப்பிடலன்னா நல்லா இருக்கேன்"னு எழுதிட்டுப் போயிட்டீங்க. அதுக்கப்புறம் போன் மணி அடிச்சாலே கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடுறேன். தெரியாத நம்பரா இருந்தா அத்தையும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம். நேத்து ஒரு நம்பர் வந்துச்சு, எடுத்தா, லோன் வேணுமான்னு கேக்குறான். அத்தை போனைப் பிடுங்கி அவனை வைஞ்ச வசவு தெருவுக்கே கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம்.

மழை விடாமப் பெய்யுது. தோட்டத்துல அழுகல் விழுந்துருச்சு, காய் கறுத்துக் கொட்டுது. மருந்தடிக்க ஒரு வெயில் நாள் கிடைக்கல. பக்கத்துத் தோட்டத்து மலையாளத்துச் சேச்சி "குழப்பமில்ல, சரியாகும்"ங்குது, பரவாயில்லன்னு அர்த்தம். எதைச் சொன்னாலும் அது அப்படித்தான் சொல்லும். இப்பெல்லாம் அந்தச் சொல்லைக் கேக்குறதுக்காகவே வேலிப்பக்கம் போறேன்.

அருணா ஒண்ணு கேட்டா. "அப்பா மூச்சு விடுறதுக்குக் குழாய் வெளிய வரும்போது மழை பெஞ்சா தண்ணி உள்ள போகாதா?" நான் உங்க கடுதாசியை எடுத்துப் பாத்தேன். அதுக்கு நீங்க எழுதல.

முன் சீட்டுலதான் உக்காருறேன்.

வள்ளி


கடலில்,
30 ஆகஸ்ட் 2024

வள்ளி,

எழுதி வச்சுக்கிறேன், கரைக்கு வந்து போடுறேன்.

இப்ப எந்த எந்திரமும் ஓடல. ஸ்பூன் கீழ விழுந்தாக் கூட கமாண்டர் திரும்பிப் பாக்குறார். செருப்புப் போடாம நடக்குறோம். காத்து கனத்துப் போயி, ஏணி ஏறுனா மூச்சு வாங்குது. குளியல் கிடையாது. எல்லார் மேலயும் டீசல் வாசனை. ஒருத்தனுக்கும் அது தெரியறதில்ல.

மூணு நாளைக்கு முன்ன எங்க தலைக்கு மேல ஒரு போர்க்கப்பல் போச்சு. அதோட அடியில தண்ணியைத் தள்ளுற காத்தாடி சுத்துற சத்தம் தகரத்துல மழை அடிக்கிற மாதிரி வந்து, கிட்ட வந்து, நின்னு, விலகிப் போச்சு. எங்களைக் கண்டுபிடிக்கல. யாரும் வாயைத் திறக்காம ஒருத்தன் கையை ஒருத்தன் அமுக்கிக்கிட்டோம். இத்தனை வயசான படகு, இத்தனை புதுக் கருவியை ஏமாத்திருச்சு. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு, மறைக்கல.

ஆனா அடுத்து புதுப் படகு எங்களைத் தேட வந்துச்சாம். வந்ததே எங்களுக்குத் தெரியாது. காது வச்சுக் கேக்குறவன் எங்கள்லயே கெட்டிக்காரன், அவனுக்கே ஒண்ணும் கேக்கல. ஒத்திகை முடிஞ்சு சேதி வந்தப்பத்தான் தெரிஞ்சுது, அது எங்க பின்னாடியே ரொம்ப நேரம் வந்திருக்கு. மோதாம இருக்க ஆழம் பிரிச்சுக் குடுத்திருந்தாங்க. இருந்தாலும் அதைக் கேட்டதுல இருந்து எனக்கு முதுகுல ஒரு கூச்சம் இருக்கு. நெசமான சண்டையா இருந்தா நாங்க செத்தது கூட எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

பழசு கப்பலை ஏமாத்தும். புதுசை ஏமாத்த முடியாது. நீ கேட்டதுக்கு இப்பத்தான் சரியான பதில் எனக்கே தெரிஞ்சிருக்கு.

ஒத்திகை முடிஞ்சும் இன்னும் கொஞ்ச நாள் காவல் சுத்தச் சொல்லியிருக்காங்க. தோட்டத்துல காய் எடுப்பு எப்படி? ஜீப்புல முன்னாடிதான உக்காருற?

லிங்கம்


சிலமலை,
11 செப்டம்பர் 2024

மாமா,

குருவம்மாள் செத்துப் போயிட்டா.

எப்படி எழுதுறதுன்னு தெரியல. நடந்ததை நடந்த மாதிரி எழுதுறேன்.

வெள்ளிக்கிழமை விடியக்காலம், ஜீப்புக்குக் கிளம்பி சோத்துச் சட்டியைக் கட்டுறேன். அருணா பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ வந்துச்சு. தண்ணியில நீர்மூழ்கிக் கப்பல், தீயும் புகையுமா இருக்கு. உள்ள அம்பது வீரர்கள், எல்லாரும் வேண்டிக்கங்கன்னு எழுதியிருந்துச்சு. எந்த நாடு, எந்தப் படகுன்னு ஒண்ணும் இல்ல. கட்டுன சட்டியை அப்படியே கீழ வச்சிட்டேன்.

குருவம்மாள் ஜீப்புல இருந்து இறங்கி வாசலுக்கே வந்துட்டா. நான் போனைக் காட்டுனேன். பாத்துட்டு, "இது ஒம் புருசன் படகுன்னு யாரு சொன்னது? நீ விசாரி. இன்னைக்கு மேல வராத, நான் பாத்துக்குறேன்"னா. நான்தான் சொன்னேன், "என் இடத்துல முன்னாடி உக்காந்து போக்கா, பின்னாடி நெரிசலா இருக்கு"ன்னு. அவ எப்பவும் பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவ. அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே, "முதலாளியம்மா சீட்டு"ன்னுட்டு ஏறுனா.

நீங்க குடுத்த நம்பருக்குப் போட்டேன். சுத்திச் சுத்தி, மத்தியானம் ஒருத்தர் தமிழ்லயே பேசுனாரு. "அம்மா, அது வேற நாட்டு வீடியோ, பழசு. நம்மகிட்ட அப்படி ஒண்ணும் இல்ல"ன்னாரு. நான் சாமிகிட்டப் போய் விழுந்தேன். அத்தை பாயசம் வச்சாங்க மாமா. நாங்க பாயசம் குடிச்சோம்.

சாயந்திரம் ஜீப்பு வரல. மலை அடிவாரம் முந்தலுக்கு மேல, மழை, மேகம். எதிர்ல லோடு லாரி. பிச்சைமணி ஓரத்துக்கு ஒதுக்கியிருக்கான், ஓரத்து மண்ணு சரிஞ்சிருச்சு. ஜீப்பு இடது பக்கம் சாஞ்சு கல்லுல போய் இடிச்சுச்சு. பின்னாடி இருந்தவங்களுக்குக் கை, காலு, தலையில அடி. பிச்சைமணிக்குக் காலு ஒடிஞ்சு போச்சு. திரும்பி வர்றப்பவும் அவ முன் சீட்டுலதான் இருந்திருக்கா, அதுக்குக் கதவு கிடையாதுல்ல. அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சிருச்சு.

நீங்க முன்னாடி உக்காரச் சொன்னீங்க. நான் அவளை முன்னாடி உக்காரச் சொன்னேன்.

இதை நான் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன். நீங்க எங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியல.


கடலில்,
17 செப்டம்பர் 2024

வள்ளி,

கொஞ்ச நாளா எழுதல. கை சரியில்ல.

முழுசா எழுத முடியாது. ஒரு செல் சூடேறிருச்சு. புகை வந்துச்சு. படகை மேல கொண்டு வந்தோம், காத்தாடியைப் போட்டுப் புகையை வெளியேத்துனோம். அந்த செல்லை மத்ததுல இருந்து பிரிச்சாச்சு. யாருக்கும் ஒண்ணும் இல்ல. என் கையில கொப்புளம், அவ்வளவுதான், ஆறிக்கிட்டு வருது.

கிடங்குக்குள்ள ஆள் நிமிர முடியாது, தவழ்ந்துதான் போகணும். முகமூடியைப் போட்டுக்கிட்டுப் போனேன். எந்த செல்லுன்னு பாக்காமயே தெரிஞ்சுது, மூணு வருசமா அதே செல்லுதான் மொரண்டு. உள்ள இருந்தப்ப நாட்டை நினைச்சேன்னு சொல்லணும், சொன்னா பொய். சித்திரையில நீ முழுசாத் தூங்குன அந்த ராத்திரி ஞாபகம் வந்துச்சு. நீ தூங்குறதை நான் முழிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

வெளிய வந்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டேன். சமையக்காரன் டீ கொண்டாந்து குடுத்தான், அதை மேல ஊத்திக்கிட்டேன்.

திரும்பச் சொல்லிட்டாங்க. மெதுவாத்தான் வர்றோம்.

லிங்கம்


சிலமலை,
26 செப்டம்பர் 2024

மாமா,

குருவம்மாள் வீட்டுக்குத் தெனம் போறேன். போகாம இருக்க முடியல, போனா உக்கார முடியல. அவ மக பெரியவளை எங்க தோட்டத்து ஸ்டோர்ல வேலைக்கு வரச் சொன்னேன், வரமாட்டேன்னுருச்சு. அதுவும் சரிதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தப்ப ஈஸ்வரன் அண்ணன் வெளிய மரத்தடியில உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சாரு. கோவமே இல்லாம கேட்டாரு: "அன்னைக்கு நீ ஏன் ஆத்தா வரல?"

தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். வீடியோ, உங்க படகு, நம்பருக்குப் போட்டது, சீட்டு. எல்லாத்தையும். அவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசியில, "மாப்ள வந்துட்டாரா?"ன்னாரு. இன்னும் இல்லண்ணேன்னேன். "வந்ததும் சொல்லு"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

என்னை ரெண்டு அடி அடிச்சிருக்கலாம் அவரு.

காய் எடுப்பு நின்னு போச்சு. பழுத்துக் கொட்டுது, கொட்டட்டும்னு விட்டுட்டேன். நீங்க இன்னும் வரல. முனீஸ்வரன் அண்ணன் சம்சாரத்துக்குப் போன் பண்ணேன். அதுக்கும் ஒண்ணும் தெரியல. அவரு ராத்திரியெல்லாம் தூங்காம நடந்துக்கிட்டே இருக்காராம்.

வள்ளி


விசாகப்பட்டினம்,
5 அக்டோபர் 2024

வள்ளி,

நேத்து போன் பண்ணப்ப "எல்லாரும் நல்லா இருக்கோம், முதல்ல என் கடுதாசியைப் படிங்க"ன்னு சொல்லி வச்சிட்ட. ஏன்னு புரியல. இப்பப் புரிஞ்சுது. தேதி பாத்து வரிசையாப் படிச்சேன். பதினோராம் தேதிக் கடுதாசிக்கு அப்புறம் அடுத்ததைப் பிரிக்க ரொம்ப நேரம் ஆச்சு.

உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் இல்ல. முன்னாடி உக்காருன்னு எழுதுனது நான். எனக்கு ஜீப்பைப் பத்தி என்ன தெரியும்? தூரத்துல இருந்துக்கிட்டு உன்னைக் காப்பாத்துறதா நினைச்சு எழுதுன வரி அது. நீ சொன்னதுக்காக அவ போனா, நான் சொன்னதுக்காக நீ சொன்ன. இதுல உன் பங்கை மட்டும் தனியா எடுத்துத் தூக்காத.

ஒண்ணு சொல்றேன். படகு கரையில கட்டுனதும் முனீஸ்வரன் அங்க நின்னான். புகை வந்த சேதி அவனுக்கு முன்னாடியே போயிருக்கு. என் கைக் கட்டைப் பாத்தான். கையைப் பிடிச்சான், விடவே இல்ல. "எனக்கு விழுந்திருக்க வேண்டியதுடா"ன்னான். "எனக்கு ஒண்ணும் இல்லடா, பாரு, நிக்கிறேன்"னேன். அவனுக்குக் காதுல ஏறல. நான் முழுசாத் திரும்பி வந்து எதுக்க நிக்கிறேன், அப்பவே அவனுக்கு அப்படி. உனக்கு எப்படி இருக்கும்னு அவன் முகத்தைப் பாத்துத்தான் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் அவனுக்குப் பதிலாப் போனப்ப பெரிய காரியம் செஞ்சதா நினைச்சேன். நான் வராமப் போயிருந்தா அவன் என்ன ஆயிருப்பான்னு ஒரு தடவை கூட யோசிக்கல. நீ என்ன ஆயிருப்பன்னும்.

லீவு கேட்டிருக்கேன். அடுத்த வாரம் வர்றேன். வந்ததும் முதல்ல ஈஸ்வரன் அண்ணன் வீட்டுக்குப் போவோம். ரெண்டு பேரும் சேந்து போவோம்.

லிங்கம்


விசாகப்பட்டினம்,
9 டிசம்பர் 2024

வள்ளி,

லீவு முடிஞ்சு நல்லபடியா வந்து சேந்தேன்.

ஊர்ல இருந்தப்ப உன்கிட்டச் சொல்லல, வெக்கம். நீயும் நானும் மேல போனோமே, அன்னைக்கு வளைவுக்கு வளைவு நான் கண்ணை மூடிக்கிட்டேன். கம்பியைப் பிடிச்ச கையில தடம் விழுந்துருச்சு. கடலுக்கடியில பதினஞ்சு வருசம் கிடந்தவன் அந்த ஜீப்புல உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ பேசாம வெளிய பாத்துக்கிட்டு வந்த. நீ தெனம் இதுலதான் போறங்கிறது அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

ஈஸ்வரன் அண்ணன் என் கையைத் தொட்டுப் பாத்துட்டு, "ஆறிருச்சா மாப்ளே?"ன்னு கேட்டதை நினைச்சுக்கிட்டே ரயில்ல வந்தேன்.

பழைய படகுக்கு நேத்து கொடி இறக்கிட்டாங்க. பேண்டு வாசிச்சாங்க. அதுல ஓடுன வயசானவங்க எல்லாம் குடும்பத்தோட வந்திருந்தாங்க. நான் கிடங்குக்குள்ள கடைசியா ஒரு தடவை இறங்கிப் பாக்கலாம்னு போனேன். பேட்டரியை ஏற்கனவே கழட்டி எடுத்துட்டாங்க. வெறும் இரும்பு. சின்ன இடமா இருந்துச்சு. இதுக்குள்ளயா அம்பது பேர் உசிரு கிடந்துச்சுன்னு தோணுச்சு.

இப்ப என்கிட்ட ரெண்டு வழி சொல்லியிருக்காங்க. ஒண்ணு, கரையிலயே பயிற்சிக் கூடத்துல வேலை. முங்க வேண்டியதில்ல. இன்னொண்ணு, மும்பையில புதுப் படகு. புது பேட்டரி, நல்ல படகு. ஆனா அதுவும் முங்குறதுதான். அதுலயும் போன் வராது. எந்தப் படகுக்கும் ஆபத்து இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கு எது ஆசைன்னு உனக்குத் தெரியும். ஆனா இன்னும் கையெழுத்துப் போடல. உன்னைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு அதிகாரிகிட்டச் சொன்னேன். அவர் சிரிச்சாரு. சிரிக்கட்டும்.

நீ வேணாம்னு எழுதுனா வேணாம்தான். மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு இருக்க மாட்டேன்.

லிங்கம்


சிலமலை,
18 டிசம்பர் 2024

மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? கை எப்படி இருக்கு?

உங்க கடுதாசியைப் படிச்சிட்டு நாலு நாள் பதில் எழுதல. முதல்ல "கரைக்கு வாங்க"ன்னு எழுதுனேன், கிழிச்சேன். ரெண்டாவதும் அதையேதான் எழுதுனேன், கிழிச்சேன். கேக்காம இருந்தப்ப உங்களைத் திட்டுனேன். கேட்டதும் பாரம் என் தலைக்கு வந்துருச்சு. கேக்காமயே போயிருக்கலாம்னு கூட ஒரு நிமிசம் நினைச்சேன். பொம்பளை மனசு இல்ல மாமா இது, யாரு மனசா இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

இங்க நடந்ததைச் சொல்றேன். திங்கக்கிழமையில இருந்து தோட்டத்துல மறுபடி காய் எடுப்பு. கடைசிக் காய். பிச்சைமணி நொண்டிக்கிட்டு வந்து, வேற ஜீப்பு வாடகைக்கு எடுத்திருக்கேன், ஏறுங்கன்னான். நான் முன்னாடி போய் நின்னுக்கிட்டேன். பத்துப் பேருக்கு மேல ஏத்தக்கூடாதுன்னேன். "கட்டாது அமுதா"ங்குறான். பொம்பளைங்களே என்கூடச் சண்டைக்கு வந்தாங்க. "எங்களை விட்டுட்டுப் போனா எங்க கூலிக்கு நீ பதில் சொல்லுவியா?" சொன்னேன், ஜீப்பு ரெண்டு நடை போகட்டும், ரெண்டாவது நடைக்கு வர்றவங்க நேரங்கழிச்சு வந்தாலும் அதே கூலி. கதவு இல்லாத வண்டியில நம்ம தோட்டத்துக்கு ஒருத்தரும் வரக்கூடாது. கத்துனாங்க. கிறுக்கச்சிங்கிறாங்க. மறுநாளு வந்தாங்க.

குருவம்மாள் மக வந்தா. நான் கூப்பிடல. அவளா ரெண்டாவது நடையில ஏறி வந்து, கூடையை எடுத்துக்கிட்டுத் தட்டைக்கு நடுவுல இறங்கிட்டா. மத்தியானம் என் பக்கத்துல உக்காந்து சோறு தின்னா.

அவளை வேணாம்னு சொல்லியிருந்தா எனக்கு நிம்மதி. ஆனா அவளுக்குச் சோலி வேணும், அவ அம்மா நடந்த அதே செடிக்கு நடுவுல நடக்கணும்னு அவளுக்குத் தோணியிருக்கு. அதை மறிக்க நான் யாரு? அவ தலை ஜீப்புக்குள்ள போறதைப் பாக்குறப்ப பயமாத்தான் இருந்துச்சு. பயந்துக்கிட்டே கதவைச் சாத்தி விட்டேன்.

அப்பத்தான் உங்களுக்கு என்ன எழுதணும்னு தெரிஞ்சுது.

புதுப் படகுக்குப் போங்க. உங்க மனசு அங்கதான் இருக்கு, கரையில உக்கார வச்சா பாதி ஆளுதான் எனக்குக் கிடைக்கும். எனக்குப் பயம் போயிருச்சுன்னு நினைக்காதீங்க. போகல, போகவும் போகாது. நீங்க உள்ள இருக்கிற நாள் பூரா போன் மணி அடிச்சா எனக்குப் பதறத்தான் செய்யும். அத்தைக்கும்தான். ஆனா இனிமே எங்களுக்குத் தெரிஞ்சு பயப்படுறோம். அது போதும்.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. யாருக்குப் பதிலா யாரு போறதா இருந்தாலும் எனக்கு முதல்ல சொல்லுங்க.

இன்னைக்கு நான் மேல போகல, அருணாவுக்குக் காய்ச்சல். வாசல்ல உக்காந்துதான் இதை எழுதுறேன். மெட்டுப் பக்கம் மேகம் இறங்கிருச்சு, மழை வரும் போல இருக்கு. முதல் நடை ஜீப்பு வந்துருச்சு. குருவம்மாள் மக ரெண்டாவதுல வரணும். இருட்டப் போகுது, இன்னும் காணோம். ஈஸ்வரன் அண்ணன் ரோட்டோரத்துல வந்து நின்னுக்கிட்டு இருக்காரு. நான் கூப்பிட்டேன், இங்க வந்து உக்காரலாம்லண்ணேன்னு. வந்து உக்காந்திருக்காரு. அத்தை டீ கொண்டாந்து குடுத்தாங்க, ஆறிப் போய்க் கிடக்கு.

ஏதோ லைட்டு தெரியுது. இருங்க, பாத்துட்டு வந்து எழுதுறேன்.

வந்துருச்சு மாமா. அவ இறங்கிட்டா. எல்லாரும் இறங்கிட்டாங்க.

அமுதவள்ளி